கடைசி அத்தியாயத்தில் உப்பிலி

மான்குர்த் தாண்டிப் பாலத்தில் ரயில் ஏறும்போது
ஆசிரியர் குஞ்சிதபாதம் அழைத்தார்.
"இருபத்திரண்டு மாசம் ஆச்சும்மா.
அடுத்த இதழோட முடிச்சுடுங்க.
ஒண்ணு, அவன் ஒரு பக்கமாச் சேரணும்.
இல்லைன்னா செத்துடணும்.
வாசகருக்கு அதுதான் திருப்தி."

ஜன்னலுக்குக் கீழே
நீர் வற்றிச் சேறாகக் கிடந்தது கழிமுகம்.
உப்பிலி பிறந்த இடம்.

அப்பன் பாண்டுப் உப்பளத்தில் வரப்பு மிதித்தவன்.
அம்மா அலையாத்தி வேர்களுக்குள்
ஏழு முழம் நீளமாக இருந்தவள்.
அவர்கள் காதலை நான் விவரிக்கவில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில்
ஒரு வரி இடைவெளி விட்டேன்.
அதற்கு மட்டும் நாற்பது கடிதம் வந்தது.

அம்மா வீட்டார் அவனை முகர்ந்து பார்த்துச்
சோற்று வாடை என்றார்கள்.
அதைவிட அவர்கள் அஞ்சியது
அவன் இமைகளைக் கண்டு.
எங்களில் எவரும் கண்ணை மூடியதில்லை,
மூடிக்கொண்டு உள்ளே என்ன செய்கிறான் இவன்?

அப்பன் வீட்டார் நல்லவர்கள்.
அவன் தட்டைத் தனியாக வைத்தார்கள்.
கழுவித்தான் வைத்தார்கள்.

ஆண்டுக்கொரு முறை ஆவணியில் தோல் கழலும்.
பத்து விரலிலும் ரேகை போய்விடும்.
ரேஷன் கடைக் கருவியில் கட்டைவிரல் வைத்தால்
சிவப்பு விளக்கு,
அப்படி ஓர் ஆள் இல்லை என்று.
ஆள் அங்கேயே நிற்பான், பையோடு.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வெள்ளம்.
இரு கூட்டத்துக்கும் நடுவே
நெஞ்சால் மடையை அடைத்துச் சாகிறான்.
பிணத்தின் மேல் இரு பக்கமும் கைகுலுக்கிக்கொள்கிறது.
பாம்புக்குக் கை கிடையாது என்பது
வாஷி வந்த பிறகுதான் உறைத்தது.

இன்னொன்றில் தோல் கழன்றதும் முழு மனிதன்.
சவரம் செய்துகொள்கிறான்,
வங்கியில் கணக்குத் திறக்கிறான்,
திருப்பிப் படித்தால்
அவனைக் காணவில்லை.

மூன்றாவதில் சேற்றுக்குத் திரும்புகிறான்.
இரவு முழுக்க நிற்கிறான்.
அம்மா வரவில்லை.
அந்தப் பக்கத்தைக் கிழித்து
வடாபாவ் தின்ற கையைத் துடைத்தேன்.

உங்கள் கதையா இது என்று கேட்கிறார்கள்.
என் அம்மா வர்ளிக் கோளிப் பெண்,
அப்பா தாராவி அருளப்பன்.
ஷேவந்தி என்று பெயர் வைத்தார்கள்.
தமிழ்ச் சங்கத்தில் அதைச் செவ்வந்தி என்று திருத்தி அச்சிட்டுப்
பொன்னாடை போர்த்தினார்கள்.
மீன் சந்தையில் மாவ்ஷி
என் மராத்தியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு
இரண்டு பொம்பில் கூடப் போட்டாள்.
நான் பாம்பு இல்லை.
எனக்கு ரேகை ஒழுங்காக விழுகிறது.

கடைசி அத்தியாயத்தை இப்படி அனுப்பினேன்:

ஆவணி. கோவண்டியில் ஒரு சால், மூன்றாம் மாடி.
கழற்றிய தோலை அலசிப்
பொதுக் கொடியில் போட்டிருக்கிறான் உப்பிலி.
புது உடம்பு காந்துகிறது.
ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு
உள்ளே தரையில் படுத்திருக்கிறான்,
கண்ணை மூடி.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது.
பக்கத்து வீட்டு மங்கல் காம்ப்ளே ஓடிவந்து
தன் சேலை, மகனின் பள்ளிச் சட்டை,
அவன் தோல்,
எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உருவித்
தோளில் போட்டுக்கொள்கிறாள்.
முழங்கையால் கதவைத் தட்டுகிறாள்.
"நீ சரியாவே பிழியலை.
பாரு, என் துணியெல்லாம் சொட்டச் சொட்ட."

அவ்வளவுதான்.

குஞ்சிதபாதம் அழைத்தார்.
பாதிப் பக்கம் காலியாக நிற்கிறதாம்.
ஏதாவது விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.
"அது இருக்கட்டும்மா,
கடைசியில அவன் எந்தப் பக்கம்?"

படி ஏறியதும் இடது பக்கம் என்றேன்.
வாசலில் ஒரு பச்சை வாளி இருக்கும்.